ஐந்தாவது செட்

எங்கள் வீட்டில் குடும்ப ஜெபம் முடியாமல் இரவுச் சாப்பாடு கிடையாது. ஜெபத்தை நான்தான் நடத்த வேண்டும். அந்த ஞாயிற்றுக்கிழமை, லண்டன் புல்தரையில் நடந்த டென்னிஸ் இறுதிப் போட்டியைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தேன். நான்காவது செட்டின்போது மனைவி இன்சுலின் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். போட்டதும் சாப்பிட்டாக வேண்டும் என்பது எனக்கும் தெரியும்.

“இன்னும் தீரல்லியா? அவனுவளுக்கு வீட்டுல ஜெபம் ஒண்ணும் இல்லியா?”

“இந்த செட்டோட தீந்திரும்.”

தீரவில்லை. ஐந்தாவது செட்டில் அவள் மறுபடி கேட்டபோது கையை மட்டும் உயர்த்தினேன். பிறகு திரும்பிப் பார்த்தால், வியர்த்து நாற்காலியில் சரிந்து கிடந்தாள்.

பக்கத்து வீட்டுக்காரரின் காரில் மார்த்தாண்டம் ஆஸ்பத்திரிக்கு விரைந்தோம். அவள் தலை என் மடியில் இருந்தது. அப்போதும், களைத்துப்போன அந்த ஆட்டக்காரர்கள் இருவரில் யார் ஜெயித்திருப்பார் என்று ஒருமுறை நினைத்தேன். அப்படி நினைத்ததை யாரிடமும் சொல்லாமல் இன்றுவரை சுமந்து சுமந்து எனக்கும் அலுத்துவிட்டது.

குளுக்கோஸ் ஏறியதும் கண் திறந்தாள்.

“ஜெபம் செஞ்சாச்சா?”

கட்டிலருகே நின்று ஜெபித்தேன். செய்த தவறுகளையெல்லாம் மன்னிக்கும்படி கேட்டேன். காரில் நினைத்ததை மட்டும் சொல்லவில்லை. அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.