கீழ்ப்பக்கம் பிடிக்கும் பையன்

சின்னவருக்கு ஐம்பத்து நான்கு வயது. வீட்டுச் சாமான்களை இடம் மாற்றிக் கொடுக்கும் கம்பெனியில் அவர் கோஷ்டியில் நான்கு பேர். அதில் அவர்தான் இளையவர், அதனால் அந்தப் பெயர். மாடிப்படியில் பீரோ ஏறும்போது பாரம் முழுக்கக் கீழே பிடிப்பவர் தலையில்தான் இறங்கும். கீழ்ப்பக்கம் பசங்களுக்கு என்பது கோஷ்டியின் சட்டம். அவருக்குப் பின் சேர்ந்த எவனும் ஒரு மாதம் தாங்கவில்லை. ஆகவே சேர்ந்த நாளிலிருந்து இன்றுவரை கீழ்ப்பக்கம் அவருடையது.

போனில் முதலாளி எல்லோரிடமும் ஒன்றைத்தான் சொல்வார்: "காலையில நம்ம பசங்க வந்துடுவாங்க." அவர் அகராதியில் பசங்க என்றால் வேலைக்கு அனுப்பும் ஆட்கள், வயதுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கதவைத் திறப்பவர்களுக்கு இது தெரியாது. நரைத்த தலைகளைப் பார்த்துவிட்டு, பசங்க எங்கே என்று பின்னால் எட்டிப் பார்ப்பார்கள். இரண்டு வீடுகளிலிருந்து புகாரே வந்துவிட்டது.

"இன்னொண்ணு வந்தா நிஜப் பசங்களையே வேலைக்கு எடுத்துடுவேன்" என்றார் முதலாளி. மற்ற மூவருக்கும் சம்பாதிக்கிற பிள்ளைகள் இருந்தார்கள். சின்னவரின் மகள் பள்ளிக்கூடத்தில் இருந்தாள்.

அன்றைய வீடு மூன்றாம் மாடி, லிஃப்ட் இல்லை. வீட்டுக்கார அம்மாள் கீழே வாசலை மறித்து நின்றார்.

"பசங்க வருவாங்கன்னாரே. நீங்க யாரு?"

"பசங்கதாம்மா" என்றார் சின்னவர்.

"நல்லா இருக்கே! படியில எவராவது நெஞ்சைப் பிடிச்சுட்டு உக்காந்தா யாரு பதில் சொல்றது?" அம்மாள் போனை எடுத்தார்.

"அம்மா, உங்க வயசு என்ன?"

"எண்பது ஆகப்போகுது. எதுக்கு?"

"அப்ப உங்களுக்கு நாங்க யாரு?"

அம்மாள் நால்வரையும் மேலும் கீழும் பார்த்தார். போன் பைக்குள் போனது.

"காலைத் தொடச்சுட்டு உள்ள வாங்கடா."

அதோடு மரியாதை போயிற்று. "டேய் வழுக்கை, சுவத்துல உரசாதே!" "கண்ணாடிக்காரா, வேடிக்கை பாக்கவா வந்தே?" அறுபத்தொரு வயதுக் கண்ணாடிக்காரர் "இல்லம்மா" என்று ஓடினார்.

கடைசியாக பீரோ. இரண்டாம் மாடித் திருப்பத்தில் சின்னவரின் கால் வழுக்கியது. பீரோக் கதவிலிருந்த நிலைக்கண்ணாடி மாடிப்படிக் கைப்பிடியில் மோதி நொறுங்கியது. அந்த நேரம் பார்த்து, மேல்படியில் நின்று வேலை வாங்கிக்கொண்டிருந்த அம்மாளை முதலாளி போனில் கூப்பிட்டார். அம்மாளுக்குக் காது மந்தம், ஸ்பீக்கரில் போட்டார்.

"பசங்க எப்படிம்மா? புகார் ஏதும் உண்டா?"

பாரத்தைக் கீழே வைக்கவும் முடியாமல் சின்னவர் கேட்டுக்கொண்டு நின்றார்.

"சின்னவன்கிறாங்களே, அவன் கண்ணாடிய ஒடச்சுட்டான்."

"ஐயையோ..."

"அதுக்கென்ன இப்ப? பசங்கன்னா ஒடைக்கத்தான் செய்வாங்க. நீங்க ஒண்ணும் சொல்லாதீங்க. நானே திட்டிக்கிறேன்."

போனை வைத்ததும் திட்டத் தொடங்கினார். பீரோ மூன்றாம் மாடிக்குப் போய்ச் சேரும்வரை நிறுத்தவில்லை. கீழ்ப்பக்கத்திலிருந்து சின்னவர் படிக்கு ஒரு "சரிம்மா" சொல்லிக்கொண்டே ஏறினார்.