பேலியேட்டிவ் என்றால் என்ன?

இன்று திருச்செங்கோடு பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா, பேச்சுவாக்கில் நான் இங்கிலீஷ் டீச்சர் என்று தெரிந்ததும் கேட்டார்.

"ஏனுங்க டீச்சர், பேலியேட்டிவ்னா என்னங்க? எங்க ஊட்டுக்காரருக்கு இனி அந்த வைத்தியந்தான்னு சேலத்து டாக்டர் சொல்லிட்டாருங்க. புதுசா வந்த மருந்துங்களா?"

முன்சீட்டில் அவர் கணவர் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். சட்டை இரண்டு ஆளுக்குத் தைத்தது போலத் தொங்கியது.

நோயைக் குணப்படுத்த வழியில்லாதபோது வலியை மட்டுமாவது குறைக்கும் வைத்தியம். எனக்குப் பாதிதான் வாயில் வந்தது.

"வலி தெரியாம பாத்துக்கிற வைத்தியங்க."

அவர் முகம் தெளிந்துவிட்டது. உடனே மகளுக்குப் போன் போட்டார்.

"அப்பாவுக்கு இனி வலியே இருக்காதாம் சாமி. டீச்சரே சொல்றாங்க."

சங்ககிரியில் அக்கா பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் இறங்கினார். பின்னால் எழுந்த கணவர் என் சீட்டருகே ஒரு நிமிடம் நின்றார்.

"மிச்சத்தைச் சொல்லாம உட்டீங்களே, அதுவே போதுங்க. எனக்குத் தெரியுமுங்க. அவளுக்கு இப்ப வேண்டாமுங்க."

அர்த்தத்தைப் பாதியில் விட்டால் வகுப்பில் மார்க் குறைக்கிறவள் நான். மீதியை அந்த அக்காவுக்கு யார், எப்படிச் சொல்வது? தெரிந்தவர்கள் கமெண்டில் எழுதுங்கள். எனக்குத் தெரியவில்லை.