கிரேயானில் வந்த சொல்

மூன்று வருடத்துக்கு முன்னால், மிளகாய் வத்தல் சீசன் மும்முரமாக இருந்த சமயத்தில், கோவில்பட்டியில் எங்கள் வாடகை வீட்டில் நடந்தது இது.

என் கணவர் லோடு ஆட்டோ ஓட்டியவர். விளாத்திகுளம் பக்கத்து ஊர்களிலிருந்து வத்தல் மூட்டை ஏற்றிவருவார். சரியான பேச்சுக்காரர். போன இடத்தில் நாலு பேரைச் சிரிக்க வைக்காமல் வண்டியைக் கிளப்ப மாட்டார். அப்படிப்பட்டவருக்குத் திடீரெனப் பக்கவாதம் வந்து, வலது கை காலோடு பேச்சும் போய்விட்டது. நாம் சொல்வது அவருக்குப் புரியும், அவர் நினைப்பதுதான் வெளியே வராது என்று டாக்டர் விளக்கினார். வீட்டுக்கு வந்தபோது அவர் வாயில் மிஞ்சியிருந்தது 'தூ' என்ற ஒரு சத்தம் மட்டும்தான்.

என்னைப் பார்க்கும்போதெல்லாம் "தூ... தூ..." என்பார். தூக்கிவிடச் சொல்கிறார் என்று நினைத்து, தோளுக்கடியில் கைகொடுத்துத் தூக்குவேன். கையைத் தட்டிவிடுவார். தண்ணீரா, சோறா, கால் வலிக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்பேன். எல்லாவற்றுக்கும் இல்லை என்று தலையாட்டிவிட்டு, மறுபடியும் அதே 'தூ'.

பார்க்க வந்த அவருடைய அக்கா ஒருநாள் இதைக் கேட்டுவிட்டார்கள். "ஏட்டி, நீ ராப்பகலா இம்புட்டுப் பாக்க. அவன் உன்னயப் பாத்துத் தூன்னு துப்புதானே" என்று வருத்தப்பட்டார்கள். என் கணவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அப்படியெல்லாம் இருக்காது என்று நான் சொன்னேன். ஆனால் அதற்குப் பிறகு அவர் 'தூ' என்னும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு சுருக்கென்றது.

எதிர்வீட்டு பாய் ஸ்டேஷனரி கடை வைத்திருக்கிறார். என் கணவருக்கு நெடுநாள் சிநேகிதர். அவர்தான் பெரிய சார்ட் தாள்களும் ஒரு பெட்டி கிரேயானும் கொண்டுவந்து கட்டிலில் வைத்தார். இடது கை நன்றாகத்தானே இருக்கிறது, சும்மா கிறுக்கினால் பொழுது போகும் என்றார். என் கணவர் அதைத் தொடவே இல்லை. பள்ளிக்கூடத்தில்கூடப் படம் வரைந்த ஆள் இல்லை.

ஒரு மத்தியானம், கஞ்சி கொடுத்துவிட்டுத் தட்டை எடுத்தேன். "தூ" என்றார். என்ன வேண்டும் என்று கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். நிமிர்ந்து பார்த்தபோது அவர் இடது கையில் கிரேயானைப் பிடித்திருந்தார். கோணல்மாணலாக ஒரு வட்டம் போட்டார். அதற்குக் கொண்டை வந்தது. மூக்கில் இரண்டு பக்கமும் மூக்குத்தி வைத்தார். நான்தான். கண்களை மட்டும் பெரிதாக வரைந்து, கீழே கறுப்பாகத் தேய்த்தார். பக்கத்திலேயே அதே பெண்ணை இன்னொரு தடவை வரைந்தார். இந்தத் தடவை அவள் கோரைப்பாயில் படுத்திருந்தாள். கண் மூடியிருந்தது.

"நான் தூங்கணும்னா சொல்லுதீங்க?" என்று கேட்டேன்.

அவர் ஆமாம் என்று தலையாட்டினார். நிறுத்தாமல் ஆட்டிக்கொண்டே இருந்தார். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது.

அத்தனை நாளும் அவர் சொன்னது 'தூங்கு' என்பதைத்தான். நான் அன்று அந்தக் கட்டிலுக்கு அருகிலேயே பாயை விரித்துப் படுத்தேன். அடித்துப் போட்டதுபோலத் தூங்கினேன்.

சாயங்காலம் ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டு விழித்தேன். என் கணவர் சிரித்துக்கொண்டிருந்தார். நோய் வந்த பிறகு அந்தச் சிரிப்பைக் கேட்கவே இல்லை. பக்கத்தில் எதிர்வீட்டு பாய், கையில் கிரேயானோடு வெட்கப்பட்டு உட்கார்ந்திருந்தார்.

"உங்க தூக்கம் கெட்டுரும்னு அண்ணாச்சி என்னையப் பேசவிடல மதினி. அதான் டீ வேணுமான்னு படம் போட்டுக் கேட்டேன். என் டீ கிளாஸைப் பாத்துத்தான் இந்தச் சிரிப்பு" என்றார்.

எட்டிப் பார்த்தேன். அந்த டீ கிளாஸ் அச்சு அசல் வாளி மாதிரி இருந்தது. எனக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அதிலிருந்து எங்கள் வீட்டில் படம்தான் பேச்சு. அடுத்த வருடம் சீசன் வந்தபோது, வத்தல் காயும் களத்தைப் பார்க்க வேண்டும் என்று வரைந்து காட்டினார். பாய் தன் வண்டியில் கூட்டிப்போனார். திரும்பி வந்ததும் என் கணவர், கரிசல் மண்ணும் அதன்மேல் சிவப்புமாக ஒரு தாள் முழுக்க நிரப்பினார். அவர் அக்கா வந்து, தன்னையும் வரையச் சொல்லி உட்கார்ந்துகொண்டார்கள். காதில் கிடந்த தோட்டைக்கூட விடாமல் வரைந்துகொடுத்தார். அதை அவர்கள் தன் வீட்டுச் சாமி படங்களுக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார்கள்.

இப்போது கொஞ்சம் கொஞ்சமாகச் சொற்களும் வருகின்றன. என் பெயரை முழுதாகச் சொல்கிறார். ஆனாலும் சாயங்காலமானால் கட்டிலில் தாள் விரிந்துவிடும். கல்யாணமான நாளிலிருந்து அவர் பேசிப் பேசிக் கேட்டவள் நான். ஆனால் அவர் என்னை எவ்வளவு உற்றுப் பார்த்திருக்கிறார் என்பது, அவர் வரையத் தொடங்கிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது.