நாற்பத்தேழு புள்ளி மூன்று

இது நடந்தது. கதை இல்லை. பேய், பிசாசு என்றால் வாய்விட்டுச் சிரிக்கிற ஆள் நான். யாராவது "நேத்து ஒரு உருவம்..." என்று ஆரம்பித்தால், "சாப்பிட்டது செரிக்கல, போய்ப் படு" என்று அனுப்பிவிடுவேன். அப்படிப்பட்ட எனக்குத்தான் இது நடந்தது. நம்பாதவர்கள் தாராளமாகச் சிரித்துக்கொள்ளுங்கள். என் உயிர் போகவிருந்த விஷயம் என்பதால் என்னால் மட்டும் சிரிக்க முடியவில்லை.

எடை குறைப்பு மையம் ஒன்றில் எடை பார்க்கிற வேலை எனக்கு. விடியற்காலை ஐந்து நாற்பதுக்கு நான்தான் ஷட்டரைத் தூக்குவேன். ஆறு மணிக்கு வாடிக்கையாளர்கள் வெறும் வயிற்றோடு வரிசையில் நிற்பார்கள். செருப்பு, சாவிக்கொத்து, சிலர் மூக்குக்கண்ணாடியைக்கூடக் கழற்றி வைத்துவிட்டு எடை மேடையில் ஏறுவார்கள். ஏறியதும் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள். என்னமோ மூச்சுதான் பத்து கிலோ மாதிரி. தயங்குகிறவர்களை இடுப்புக்கு மேல் கை வைத்து லேசாக ஒரு தள்ளு தள்ளுவேன். "தண்ணி குடிச்சாக்கூட ஒட்டுதுங்க" என்பார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற கூட்டம். எனக்கு அவர்களைப் பார்த்தாலே இளக்காரம்.

மேடைக்குப் பக்கத்தில் ஒரு பித்தளை மணி தொங்கும். ஒரு கிலோ குறைந்தால் ஒரு அடி, மூன்று கிலோ குறைந்தால் மூன்று அடி. உடனே எல்லோரும் கை தட்ட வேண்டும். இது ஓனரம்மாவின் அருமையான கண்டுபிடிப்பு. ஏன் குறைந்தது, எப்படிக் குறைந்தது என்று யாரும் கேட்பதில்லை. எண் இறங்கினால் சரி.

நாங்கள் ஊழியர்கள் மேடை ஏறுவதில்லை. பத்து மாதத்துக்கு முன்னால் வேலையில் சேர்ந்த அன்று ஒரு தடவை ஏறினேன். ஐம்பத்தைந்து. அதன்பிறகு எதற்கு? இரண்டு தட்டு சாப்பிட்டாலும் எனக்கு உடம்பு ஏறாது. சட்டையெல்லாம் தொளதொளத்தது, அதிலும் எனக்கு ஒரு மிதப்பு. "எலும்பும் தோலுமா ஆயிட்டே வரடி" என்று அம்மா புலம்புவாள். பெற்றவள் கண்ணுக்குப் பிள்ளை என்றைக்குக் கொழுத்திருக்கிறது?

அந்த மையத்துக்கு லைப்ரரியில் வேலை பார்க்கிற ஒரு அக்கா வந்துகொண்டிருந்தார்; லைப்ரரி அக்கா என்போம். அறுபத்தெட்டில் சேர்ந்தார். முதல் மாதம் பசி கிடந்து மூன்று கிலோ குறைத்தார். அடுத்த மாதம் ஐந்து. அதற்கடுத்த மாதம் ஆறு. கடைசியாக ஏறிய அன்று ஐம்பது புள்ளி நான்கு.

"தங்கச்சி, டயட்டை விட்டு ரெண்டு மாசமாச்சு. எல்லாமே சாப்பிடறேன். ஆனாலும் இறங்கிக்கிட்டே போகுது."

"உங்களுக்கு அதிர்ஷ்டம்க்கா" என்றேன். பீற்றிக்கொள்ள வந்துவிட்டாள் என்று மனதுக்குள் நினைத்தேன். மணியை ஓங்கி மூன்று அடி அடித்தேன். அவர் காதைப் பொத்திக்கொண்டார். கால் மெலிந்து செருப்பு நிற்காமல் போனதால் அதில் காகிதத்தை மடித்துத் திணித்திருந்தார். இறங்கும்போது என் மணிக்கட்டைப் பிடித்தார். இரண்டு விரலால் சுற்றிப் பார்த்தார்.

"நீயும்..." என்று ஏதோ ஆரம்பித்தார்.

"அடுத்து யாருங்க?" என்று நான் வரிசையைப் பார்த்துக் கத்தினேன்.

ஓனரம்மா அவரையே அந்த வருடத்தின் வெற்றியாளர் ஆக்கி, படத்தைச் சுவரில் மாட்டினார். அதோடு அவர் வரவு நின்றது. ஆறு கடக்கும் வரைதான் அண்ணன் தம்பி என்று நான் அவரை மறந்தும் போனேன்.

ஒரு புதன்கிழமை. மணி 5:42. ஷட்டரைத் தூக்கி உள்ளே வந்துவிட்டேன், இன்னும் விளக்கைப் போடவில்லை.

டங்...

ஆறு அடி. நிதானமாக. நான் விளக்கைப் போட்டபோது மணி லேசாக ஆடிக்கொண்டிருந்தது. எடை மேடையின் பச்சை எண்கள் எரிந்தன. 48.4.

மேடையில் யாரும் இல்லை. எலி என்று நினைத்தேன். நாற்பத்தெட்டு கிலோ எலி.

மறுநாள் அதே 5:42. ஆறு அடி. 48.2. அதற்கு மறுநாள் 48.1. மெக்கானிக்கை வரவழைத்தேன். இருபது கிலோ எடைக்கல்லை வைத்துப் பார்த்தார். சரியாக இருபது காட்டியது.

"மிஷின் சரியாத்தான் இருக்கு மேடம். யாராவது ஏறி நிக்கிறாங்களோ என்னவோ" என்று பல்லைக் காட்டினார்.

"உங்க மாமியாரா இருக்கும். எடைக்கல்லை எடுத்துக்கிட்டுக் கிளம்புங்க" என்றேன்.

ஆறாம் நாள். 47.9. அன்றைக்கு மணி ஏழு தடவை அடித்தது. மேடையின் ரப்பர் விரிப்பில் இரண்டு பாதத் தடங்கள் இருந்தன. குறுகலான பாதங்கள். ஈரம். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே காய்ந்துபோயின.

அப்போதுதான் எனக்கு லைப்ரரி அக்கா ஞாபகம் வந்தது. ஐம்பது புள்ளி நான்கில் விட்டவர்... இறங்கிக்கொண்டே போனவர்... கணக்கு சரியாக வந்தது. இது லைப்ரரி அக்காவின் எடை. எங்கேயோ கிடந்து இன்னும் இறங்கிக்கொண்டிருக்கிறார் என்று நினைத்தேன்.

போன் செய்து விசாரித்திருக்கலாம். செய்யவில்லை. பேய்க்குப் பயந்து போன் போட்டவள் என்று பெயர் வாங்க எனக்குக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. ஒன்பதாம் நாள் எண் 47.4 காட்டியது. அன்று காலை படியேறும்போது எனக்கே தலை சுற்றியது. உட்கார்ந்து லைப்ரரி அக்காவின் போன் எண்ணுக்குப் போட்டேன். எடுத்தது அவர் கணவர்.

"அவ தவறிட்டா. போன வாரம் செவ்வாய்க்கிழமை விடியக்காலைல."

"நான் எடை குறைப்பு சென்டர்ல இருந்து..."

போனை வைத்துவிட்டார்.

செவ்வாய்க்கிழமை இறந்திருக்கிறார். மணி முதலில் அடித்தது புதன்கிழமை.

செத்தவருக்கு எடை எப்படிக் குறையும்?

அப்படியானால் அது யாருடைய எடை?

அன்று மாலை மிஷினின் பிளக்கைப் பிடுங்கிப் போட்டேன். மணியின் நாக்கில் துணியைச் சுற்றி இறுக்கிக் கட்டினேன். மறுநாள் லீவு போட்டிருக்க வேண்டும். பயந்துவிட்டேன் என்று ஒப்புக்கொள்ள வேண்டுமே என்று போனேன்.

வெள்ளிக்கிழமை. 5:40. ஷட்டரைத் தூக்கினேன். விளக்கைப் போட்டேன். எரியவில்லை.

5:41. சத்தமில்லை.

5:42. மணி அடிக்கவில்லை. அப்பாடா என்று மூச்சு விட்டேன்.

மூச்சு விடும் இன்னொரு சத்தம். என் பின்னால்.

பிளக் தரையில் கிடந்தது. எண்கள் எரிந்தன.

47.3.

இடுப்புக்கு மேல் ஒரு கை பட்டது. ஐஸ் மாதிரி.

லேசாக ஒரு தள்ளு.

நான் தள்ளுவதைப் போலவே.

ஒரு காலை வைத்தேன்... மறு காலையும் வைத்தேன்...

எண் மாறவில்லை.

நான் ஏறி நின்ற பிறகும் 47.3.

இறங்கினேன். 47.3.

மறுபடி ஏறினேன். 47.3.

அது என் எடை.

எப்படித் தெருவுக்கு ஓடி வந்தேன் என்று தெரியாது. நேராக ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே நர்ஸ் எடை பார்த்து எழுதியதை எட்டிப் பார்த்தேன். நாற்பத்தேழு புள்ளி மூன்று. டாக்டர் என் பழைய எடையைக் கேட்டுவிட்டுப் பேனாவை மூடி வைத்தார்.

"ஆறு மாசம், ஒரு வருஷத்துக்குள்ள அஞ்சு சதவீதம் காரணமில்லாம குறைஞ்சாலே வந்து காட்டணும்மா. உங்களுக்குப் பதினாலு சதவீதம் போயிருக்கு. என்ன வேலை பாக்கறீங்க?"

சொன்னேன். அவர் பார்த்த பார்வை எனக்குப் பழக்கமானது. அதே பார்வையைத்தான் நான் தினமும் காலையில் வரிசையில் நின்றவர்கள் மேல் வீசிக்கொண்டிருந்தேன்.

குடலில் கட்டி. அறுத்து எடுத்தார்கள். இன்னும் மூன்று மாதம் விட்டிருந்தால் தன்னால் ஒன்றும் செய்திருக்க முடியாது என்றார் டாக்டர். அம்மா என் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நடமாட முடிந்ததும் லைப்ரரி அக்காவின் வீட்டைத் தேடிப் போனேன். அவர் கணவர் கதவை முழுசாகத் திறக்கவில்லை. வாசலில் நின்றபடியே நடந்ததையெல்லாம் சொன்னேன். பைத்தியம் என்று விரட்டுவார் என நினைத்தேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு, "அந்தப் பொண்ணு நீதானா?" என்றார்.

"எந்தப் பொண்ணு?"

"ஆஸ்பத்திரியில கடைசி வாரம் முழுக்க ஒரே புலம்பல். 'அங்க எடை பாக்கற பொண்ணு என்னை மாதிரியே மெலிஞ்சிக்கிட்டு வருது, யாராவது சொல்லுங்க'ன்னு. நான்தான் உங்க சென்டருக்குப் போன் பண்ணேன். நீங்க லைப்ரரி அக்கான்னு கூப்பிடறவங்களோட வீட்டுக்காரர் பேசறேன், அவ ரொம்ப மெலிஞ்சுட்டான்னு ஆரம்பிச்சேன். எடுத்த பொண்ணு சிரிச்சுது. 'எடை ஏத்தற வேலையெல்லாம் இங்க பாக்கறதில்லைங்க'ன்னு சொல்லி வெச்சிடுச்சு."

எனக்கு நினைவு வந்தது. சிரித்துச் சிரித்துப் பக்கத்தில் இருந்தவளிடமும் அதைச் சொல்லியிருந்தேன்.

"திரும்ப வந்து அவகிட்ட, அந்தப் பொண்ணு கேக்கலன்னு சொன்னேன். திங்கட்கிழமை ராத்திரி அது. அதுக்கப்புறம் அவ பேசவே இல்லை. விடியக்காலைல ஒரே ஒரு தடவை கண்ணைத் தொறந்தா."

அவர் கதவை முழுசாகத் திறந்துவிட்டார்.

"'நானே போய்ச் சொல்லிட்டு வரேன்'னா. அதான் கடைசி."