கிழிந்த வலையில் பழகிய முடிச்சு

யுத்த காலத்தில் யாழ்ப்பாணத்து மருத்துவமனை ஒன்றில் நான் மாணவர்களுக்குச் சத்திரசிகிச்சை கற்பித்தேன். முடிச்சுப் போட்டுப் பழகத் தையல் நூல் இல்லை. வாட்டில் அற்றென்டனாக, நோயாளருக்கு உதவும் ஊழியராக இருந்த அந்தோனி அண்ணை குருநகர் மீன்பிடிக் குடும்பத்துக்காரர். கடலுக்குப் போகத் தடை என்பதால் வீட்டில் சும்மா கிடந்த கிழிந்த வலையைக் கொண்டுவந்து, ஒற்றைக் கையால் முடிச்சுப் போட அவர்தான் பழக்கினார்.

"பலத்தைக் காட்டாதேங்கோ பிள்ளையள், நூலின்ரை போக்குக்கு விடுங்கோ."

மாணவர்கள் விரைவாகத் தேறினார்கள். அதைக் கவனித்து, அப்பியாசக் கொப்பித் தாள்களில் ஒரு கட்டுரை எழுதினேன். எங்கள் முகவரியிலிருந்து போனால் எவரும் அச்சிடமாட்டார்கள் என்று, வந்துபோன வெளிநாட்டு மருத்துவர் ஒருவரிடம் கொடுத்துவிட்டேன்.

இரண்டு வருடம் கழித்துச் சஞ்சிகை கப்பலில் வந்தது. கட்டுரையின் மேல் அவருடைய பெயர் மட்டும் இருந்தது. அந்தோனி அண்ணையிடம் காட்டினேன்.

"எங்கடை வேலை. என்ரை பேரைப் போடேல்லை, பாருங்கோ."

அவர் கையைத் துடைத்துக்கொண்டு அதை வாங்கினார்.

"அப்ப உதிலை என்ரை பேராவது கிடக்கோ, டொக்டர்?"

நான் எழுதிக் கொடுத்த தாள்களில் அவரைப் பற்றி 'ஊழியர் ஒருவர்' என்றுதான் இருந்தது.

"இல்லை அண்ணை. அவங்கள் போடேல்லை" என்றேன்.

"ஓம், அவங்களுக்கு என்னைத் தெரியாதுதானே" என்று திருப்பித் தந்துவிட்டு வேலைக்குப் போனார்.

அதற்குப் பிறகு அந்த வெளிநாட்டு மருத்துவர்மீது எனக்குக் கோபம் வருவதில்லை. வரப் பார்த்தால், நான் எழுதிய 'ஊழியர் ஒருவர்' முன்னால் வந்து நிற்கும்.