மிச்சம் பதினோரு நாள்

எனக்கு வாய் ஜாஸ்தி என்று விழுப்புரத்தில் எங்கள் தெருவே சொல்லும். குழாயடியில் என்னிடம் வம்புக்கு வந்து ஜெயித்துப் போனவர்கள் கிடையாது. அப்பேர்ப்பட்டவளுக்கும் வாயைத் திறக்கப் பயமாக இருந்த நாட்கள் உண்டு. எண்பதுகளின் நடுவில், என் வீட்டுக்காரருக்கு ரத்தத்தில் புற்றுநோய் என்று தெரிந்த வருஷம் அது.

அவர் விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் ஓடிய ஒரு பிரைவேட் பஸ்ஸில் கண்டக்டர். இடது விலாவுக்குக் கீழே கனமாக இருக்கிறது, பை இடிக்கிறது என்று சொல்லி, தோல் பையை அந்தப் பக்கம் படாமல் மாற்றி மாட்டிக்கொண்டார். "ஊரு ஊரா நின்னு போண்டா துன்னா தொப்பைதான் போடும்" என்று கிண்டல் செய்தேன். இன்று நினைத்தாலும் என் வாயில் நானே போட்டுக்கொள்ளலாம் போலிருக்கிறது. பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ஆயிரக்கணக்கில் இருக்கவேண்டிய வெள்ளை அணுக்கள் லட்சக்கணக்கில் இருந்தன. நான் தொப்பை என்று சொன்னது வீங்கிப்போன மண்ணீரலாம்.

கரண்ட் வைப்பார்கள், ஊசி போடுவார்கள் என்று நடுங்கிக்கொண்டு போனோம். டாக்டரம்மா கொடுத்ததோ ஒரு சின்ன பாட்டில். உள்ளே மிளகு அளவுகூட இல்லாத வெள்ளை மாத்திரைகள். காலையில் இரண்டு. வீட்டிலேயே சாப்பிடலாம், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வந்து ரத்தம் பார்த்துக்கொண்டால் போதும் என்றார்.

"இது காய்ச்சல் மாத்திரை மாதிரி இல்லம்மா. அணுவைக் கொல்ற மருந்து. எப்ப ஆரம்பிக்கணும், எப்ப நிறுத்தணும்னு நான்தான் சொல்வேன். நீங்களா எதுவும் செய்யக் கூடாது" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். மாடு மாதிரி தலையை ஆட்டினேன்.

ஆஸ்பத்திரியில் படுக்க வைத்திருந்தால் நர்ஸ் இருப்பாள், பொறுப்பு அவளுடையது. வீட்டுக்கு அனுப்பிவிட்டதால் நர்ஸும் நான், காவலும் நான். அணுவைக் கொல்லும் சாமானை அரிசி டின்னுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எப்படிச் சோறு வடிப்பது? மாத்திரையைக் கையில் கொட்டிவிட்டு இரண்டு தடவை எண்ணுவேன். கீழே விழுந்துவிட்டால் என்ன, மறந்து நாலாகக் கொடுத்துவிட்டால் என்ன என்று ஓயாத பயம்.

எங்கள் பக்கத்தில் மருந்து என்றால் மண்டலக் கணக்குதான். நாற்பத்தெட்டு நாள். ஆரம்பித்தால் நடுவில் விடக்கூடாது. என் அப்பாவுக்குக் காமாலை வந்தபோது கெடார் என்ற ஊரில் ஒரு வைத்தியர் மருந்து கொடுத்தார். இருபது நாளில் கண் வெளுத்தது. மல்லாட்டைக் கடலை பிடுங்குகிற வேலை கிடக்கிறதே என்று அப்பா மருந்தை விட்டுவிட்டார். அடுத்த மாதமே மறுபடி மஞ்சள் ஏறி, போய்ச் சேர்ந்தார். "மண்டலத்த முடிச்சிருந்தா மனுஷன் இருந்திருப்பாரு" என்று அம்மா கடைசிவரை புலம்பினாள். அதனால், யாரும் சொல்லாமலே, முதல் நாளிலிருந்து சமையல்கட்டுச் சுவரில் கரியால் ஒரு நாளுக்கு ஒரு கோடு போட்டு வந்தேன்.

மாத்திரை நன்றாகவே கேட்டது. வயிறு இளகியது. இரண்டு வேளை சோறு இறங்கியது. ஒவ்வொரு தடவையும் ரத்தக் கணக்கு மளமளவென்று குறைந்தது. முப்பத்தேழாம் நாள் டாக்டரம்மா சீட்டைப் பார்த்துவிட்டு, "போதும், இன்னையோட நிறுத்திடுங்க. நிறுத்தின பிறகும் இது கொஞ்ச நாள் இறங்கும். மிச்ச மாத்திரையைப் பத்திரமா வைங்க, பின்னாடி வேணும்" என்றார். என் வீட்டுக்காரரும் என் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

வேறொருத்தியாக இருந்தால் சாமிக்குக் கும்பிடு போட்டிருப்பாள். எனக்கு அது நல்ல சேதியாகவே படவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் முப்பத்தேழு, மிச்சம் பதினோரு நாள் என்று அதுவே மண்டைக்குள் ஓடியது. வீட்டுக்கு வந்தால் திண்டிவனத்திலிருந்து அவருடைய அக்கா வந்திருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"தோ பாரும்மா, மண்டலத்த நடுவுல ஒடைச்சா நோவு ரெண்டு பங்கா திரும்பும். உங்கப்பாவுக்கு ஆனத மறந்துட்டியா?"

"டாக்டரம்மா வேணாங்கறாங்களே அண்ணி."

"அவங்க படிச்சவங்க. நமக்கு இன்னா தெரியும்? நீயே ரோசன பண்ணிக்க" என்றார். அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். பாட்டில் இருந்தது என் வீட்டில். கொடுத்தது என் கை.

மறுநாள் காலையில் இரண்டு மாத்திரையும் தண்ணீரும் கொண்டுபோய் என் வீட்டுக்காரரிடம் நீட்டினேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"நிறுத்தச் சொன்னாங்களே?"

"நீங்க பஸ்ஸுல எடம் புடிக்கப் போனப்ப திரும்பிப் போய்க் கேட்டேங்க. இன்னும் பதினோரு நாளு போடட்டும்னு சொன்னாங்க."

கூசாமல் பொய் சொன்னேன். அவர் வாங்கி விழுங்கினார்.

நாற்பத்தெட்டாவது கோட்டைப் போட்ட அன்று கற்பூரம் ஏற்றினேன். அன்று ஒரு நாள்தான் நிம்மதியாகத் தூங்கினேன். நாலு நாள் கழித்து அவர் பல் விளக்கித் துப்பியது ரத்தமாக இருந்தது. தொடையில் அடிபட்ட மாதிரி கருநீலத் திட்டு. முழங்காலுக்குக் கீழே கேப்பையைத் தூவியது போலச் சிவப்புப் புள்ளிகள். உடம்பு கொதித்தது. ஐயோ, என் கையாலேயே கெடுத்துவிட்டேனே என்று அந்த நிமிஷமே எனக்குத் தெரிந்துபோயிற்று.

பாண்டிச்சேரிக்குப் போகும் வழியில் கண்டமங்கலத்தில் ரயில்வே கேட் போட்டுவிட்டான். "ஜல்தியா போப்பா, உசுரு போவுது" என்று பஸ் டிரைவரிடம் கத்தினேன். "கேட்ட ஒடைச்சிக்கினா போவ முடியும்?" என்றார் அவர். என் வீட்டுக்காரர் என் தோளில் சாய்ந்து, "அவர ஏன் பேஜாரு பண்ற, வுடு" என்று முனகினார். மூக்கிலிருந்து வழிந்த ரத்தத்தை என் முந்தானையால் ஒற்றிக்கொண்டே இருந்தேன்.

ஆஸ்பத்திரியில் ரத்தம் பார்த்துவிட்டு டாக்டரம்மா வேகமாக வந்தார். "மாத்திரையை என்னைக்கு நிறுத்தினீங்க?"

"நீங்க சொன்ன அன்னைக்கேம்மா."

பயத்தில் வந்த பதில் அது. அவர் நெற்றியைச் சுருக்கினார். அப்படியானால் ரத்தக் கணக்கு இவ்வளவு இறங்கக்கூடாதே, நோயே வேறு மாதிரி முற்றிவிட்டதோ என்னவோ, நாளைக்கு இடுப்பெலும்பில் ஊசி போட்டு உள்ளே இருக்கிற மஜ்ஜையை எடுத்துப் பார்க்க வேண்டும், சந்தேகம் சரியென்றால் உடனே கடுமையான மருந்து ஏற்ற வேண்டும் என்றார். அது இருக்கிற கொஞ்ச அணுவையும் கொன்றுவிடாதா என்று கேட்டேன். "கொல்லும். நோய் முற்றியிருந்தா வேற வழி இல்ல" என்றார்.

வராந்தாவில் போய் உட்கார்ந்தேன். சொன்னால் எங்களை வெளியே துரத்திவிடுவார்களோ? அவருடைய அக்கா, சொந்தக்காரர்கள் எல்லாரும், இவள்தான் புருஷனைக் கொன்றாள் என்பார்களே? அவர் என் முகத்தைப் பார்ப்பாரா? சொல்லாவிட்டால், ஏற்கனவே காலியான உடம்பில் இன்னொரு விஷத்தை ஏற்றுவார்கள். தெருவையே வாயால் ஆண்டவள் விடியும்வரை அந்த வராந்தாவிலேயே கிடந்தேன்.

மறுநாள் காலையில் அவரைக் குப்புறப் படுக்க வைத்தார்கள். தட்டில் ஊசியைக் கொண்டுவந்தார்கள். கோணி ஊசி தடிமன் இருந்தது. அதைப் பார்த்ததும் எங்கிருந்து வந்ததோ சத்தம்.

"டாக்டரம்மா, நான் நிறுத்தல. பொய் சொல்லிட்டேன். இன்னும் பதினோரு நாளு குடுத்துட்டேன். ரெண்டு ரெண்டா."

டாக்டரம்மா என்னையே பார்த்தார். "ஏன்?"

"மண்டலம் முடியணும்னு."

கன்னத்தில் அறைவார் என்று நினைத்தேன். அவர் சீட்டை வாங்கி எழுதினார். "நேத்தே சொல்லியிருக்கணும். இந்தச் சோதனை எப்படியும் செய்யணும், செஞ்சிடறோம். ஆனா அவசரப்பட்டு அந்த மருந்தை ஏத்த மாட்டேன். மாத்திரையால வந்ததுன்னா எலும்பு திரும்ப வேலை செய்யலாம், செய்யாமலும் போகலாம். ரத்தம் ஏத்திட்டுக் காத்திருப்போம்" என்றார்.

காத்திருந்தோம். எத்தனை நாள் என்று நான் எண்ணவில்லை, எண்ணுவதற்கே பயம். காலையில் கண் விழித்ததும் அவர் காலைத் தூக்கிப் புதுப் புள்ளி இருக்கிறதா என்று பார்ப்பேன். பக்கத்துக் கட்டிலில் யாராவது இருமினால்கூட முறைப்பேன். பல நாள் ரத்தக் கணக்கு அசையவே இல்லை. அப்புறம் ஒருநாள் துளி ஏறியது. மறுபடி துளி. வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டரம்மா சொன்ன மத்தியானம், கட்டிலுக்குக் கீழே உட்கார்ந்து அவர் காலைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதேன்.

"ஏமாத்திட்டேங்க. டாக்டரம்மா சொன்னதா பொய் சொல்லி உங்களுக்குக் குடுத்துட்டேன்."

"அது அன்னைக்கே தெரியுமே" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"நீ எங்க திரும்பிப் போன? நான் பஸ்ஸு ஜன்னல்லேர்ந்து பாத்துக்கினுதான இருந்தேன். வெள்ளரிக்கா வாங்கிக்கினு நின்ன."

"தெரிஞ்சா ஏன் முழுங்கினீங்க?"

"நீ சோறுகூடத் துன்னாம நடுங்கிக்கினு கெடந்த. ரெண்டு மாத்திரைய முழுங்கினா நீ பயப்படாம இருப்பன்னு தோணிச்சி. இவ்ளோ ஆவும்னு எனக்கு இன்னா தெரியும்?"

அடப்பாவி மனுஷா என்று அவர் முழங்காலிலேயே குத்தினேன். குத்திய இடம் கன்றிப்போகுமே என்று உடனே தேய்த்தும் விட்டேன்.

அதற்கப்புறம் அவர் மூன்று வருஷம் இருந்தார். கணக்கு ஏறும்போது அதே மாத்திரையைத் திரும்ப ஆரம்பிப்பார்கள், இறங்கினால் நிறுத்துவார்கள். டாக்டரம்மாவை என் வீட்டுக்காரர் எதிரிலேயே இரண்டு தடவை திருப்பிச் சொல்லவைத்து, சொன்னதை மட்டும் கொடுத்தேன். ஒருநாளாவது, "இது என்ன, எத்தனை?" என்று அவர் கேட்பார் என்று எதிர்பார்ப்பேன். கேட்டதே இல்லை. என் முகத்தைப் பார்த்தபடி கையை நீட்டுவார். அந்த மூன்று வருஷமும் நோயைவிட அந்தக் கையைப் பார்த்துத்தான் எனக்குப் பயம்.