எழுபத்தைந்து சதவீதம்

வோலோஸ் நகரத் தொழிற்பள்ளியில் நிதிப் பாடம் எடுத்துவந்த திமியோஸை அவருடைய மனைவியின் தம்பி ஸ்டெர்கியோஸ் ஒருநாளும் மதித்ததில்லை. "அத்தானுக்குச் சாக்பீஸ் பிடிக்கத் தெரியும். வலை பிடிக்கச் சொல்லிப் பாருங்க" என்று ஊர் சிரிக்கப் பேசுவான்.

இடுப்பு விட்டுப்போய் மீன்பிடிப் படகை அவன் விற்ற இலையுதிர்காலத்தில், கிரேக்க அரசே கடனில் தத்தளித்துக்கொண்டிருந்தது. துறைமுகத்துச் சாராயக் கடையில், பொரித்த நெத்திலித் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, கூட்டாளிகள் நடுவே அவன் கேட்டான்: "அத்தான், அரசாங்கப் பத்திரம் மலிவா கிடைக்குதாமே. வாங்கலாமா?"

முதன்முறையாக அவன் யோசனை கேட்கிறான். திமியோஸுக்கு உள்ளுக்குள் குளிர்ந்துவிட்டது.

"நூறு யூரோ பத்திரம் இப்போ அறுபதுக்கு வருது. ஒரு வருஷத்துல முதலும் வட்டியுமா நூத்தஞ்சு தருவாங்க. அறுபதுக்கு நாப்பத்தஞ்சு லாபம். எழுபத்தஞ்சு சதவீதம், மச்சான்."

மேசையில் ஒருவன் சீட்டியடித்தான். ஸ்டெர்கியோஸ் அவர் தோளைத் தட்டி, "பாத்தீங்களாடா எங்க அத்தானை" என்றான்.

எழுபத்தைந்து என்பது அரசு சொன்னபடி கொடுத்தால்தான். வகுப்பில் அவர் வருடந்தோறும் சொல்வது அது. வீட்டுக்கு வந்து அந்த மிச்சக் கணக்கையும் போட்டார். கொடுப்பதற்குப் பாதி வாய்ப்பு. கைவிரித்தால் இருபத்தைந்துதான் தேறும். இரண்டுக்கும் நடுவே அறுபத்தைந்து. அறுபது போட்டு இதற்காகவா தூக்கம் கெடுவது? தன் சேமிப்பை அவர் தொடவில்லை. மச்சானைக் கூப்பிட்டுச் சொல்லத் தொலைபேசியை எடுத்தார், அவன் தோளில் தட்டிக்கொடுத்தது நினைவுக்கு வந்தது, வைத்துவிட்டார். மறுநாள் ஸ்டெர்கியோஸ் படகுப் பணம் முழுவதையும் போட்டான்.

மார்ச்சில் அரசு பழைய பத்திரங்களை வாங்கிக்கொண்டு, கால்வாசி விலைகூடப் போகாத புதுப் பத்திரங்களைக் கையில் கொடுத்தது.

ஸ்டெர்கியோஸ் குறை சொல்லவில்லை. "நம்ம ரெண்டு பேரும்தானே ஏமாந்தோம். ஏதென்ஸ்ல ஆர்ப்பாட்டமாம், வாங்க" என்று கூப்பிட்டான். மறுக்க வாய் வராமல் திமியோஸ் பஸ் ஏறினார்.

நாடாளுமன்றத்துக்கு எதிரே, பக்கத்தில் நின்ற ஓய்வுபெற்ற தாதி ஒருத்தி தன் எள்ளு ரொட்டியில் பாதியைப் பிய்த்து அவரிடம் நீட்டினாள். "உங்களுக்கு எவ்வளவு போச்சு, ஐயா?"

"எங்க அத்தான் வாத்தியாரும்மா. அவருக்கே இந்தக் கதி" என்றான் ஸ்டெர்கியோஸ்.

திமியோஸ் ரொட்டியைக் கடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார். "எனக்கு ஒண்ணும் போகலம்மா," என்றார். "நான் வாங்கல."

அந்தப் பெண் பார்வையைத் திருப்பிக்கொண்டாள். ஸ்டெர்கியோஸ் கையிலிருந்த கோஷ அட்டையைக் கீழே இறக்கினான். "ஏன் வாங்கல?"

"தராம போறதுக்கும் பாதி வாய்ப்பு இருக்குன்னு சேர்த்துப் பார்த்தேன். எட்டு சதவீதம்தான் வந்துச்சு."

"எப்போ பார்த்தீங்க?"

"அன்னிக்கே. வீட்டுக்குப் போய்."

"நான் மறுநாள்தான் பணம் கட்டினேன்," என்றான் ஸ்டெர்கியோஸ் மெதுவாக. "என் நம்பர் உங்ககிட்ட இருந்துச்சே, அத்தான்."

திரும்பும் பஸ்ஸில் அவன் முன்வரிசையில், முன்பின் தெரியாத ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான். இழந்ததில் பாதியைத் தருவதாகத் திமியோஸ் மனைவி மூலம் சொல்லியனுப்பினார். வேண்டாம் என்று ஒரே சொல்லில் பதில் வந்தது. அவன் வேறொருவரின் படகில் கூலிக்கு வலை பிரிக்கப் போனான்.

ஈஸ்டருக்கு அக்காவுக்காக வந்தான். சிவப்புச் சாயமிட்ட அவித்த முட்டையைப் பண்டிகை வழக்கப்படி ஆளுக்கு ஆள் மோதி உடைக்கும் நேரம், திமியோஸ் தன் முட்டையை நீட்டியபடி இருந்தார். ஸ்டெர்கியோஸ் அவரைத் தாண்டிக் கைநீட்டி, பக்கத்திலிருந்த குழந்தையின் முட்டையோடு மோதினான்.